எட்டும் தொலைவில் வாக்காளர்: இந்தியப் பல்கலைக்கழகங்களில் மாணவர் பேரவை வேட்பாளர்

இந்தியாவில் மாணவர் பேரவைத் தேர்தலில் நிற்பதற்கான தகுதி விதிகள், நாடாளுமன்றத் தேர்தலுக்கான விதிகளைவிடக் கடுமையானவை. 25 வயது நிரம்பிய, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள குடிமகன் மக்களவைக்குப் போட்டியிடலாம். அவர் எவ்வளவு படித்திருக்கிறார் என்று சட்டம் கேட்பதில்லை. அவர்மீது வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் தடை இல்லை. பொதுவாக, தண்டிக்கப்பட்டு இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால்தான் தகுதி போகும். எத்தனை முறை தோற்றாலும் மீண்டும் நிற்கலாம். கல்லூரி மாணவருக்கு இந்தச் சலுகைகளில் ஒன்றுகூடக் கிடையாது. வயதுக்கு உச்சவரம்பு, வருகைப் பதிவு, தேர்ச்சி, ஒழுங்கு நடவடிக்கை இல்லாத பதிவேடு, வாழ்நாளில் ஒரே வாய்ப்பு என்று ஐந்தாறு வாசல்களைக் கடந்த பிறகே அவர் வேட்பாளர் ஆகிறார்.

இந்த விதிகளின் பிறப்பிடம் கேரளம். அங்குள்ள கல்லூரிகளில் பேரவைப் பொறுப்பாளர்களை மாணவர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, வகுப்புப் பிரதிநிதிகள் கூடி மறைமுகமாகத் தேர்ந்தெடுப்பதா என்ற சச்சரவு, கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரி முதல்வர்கள் மன்றத்துக்கும் இடையிலான வழக்காக உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2005 டிசம்பரில் நீதிமன்றம் இட்ட ஆணையின்படி மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் ஒரு குழுவை அமைத்தது. 2001 முதல் 2004 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த ஜே. எம். லிங்டோ அதன் தலைவர். அரசியல் அறிஞர்கள் ஜோயா ஹசன், பிரதாப் பானு மேத்தா உள்ளிட்டோர் உறுப்பினர்கள். 2006 மே மாதம் குழு அறிக்கை அளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், உஜ்ஜைன் மாதவ் கல்லூரியில் பேரவைத் தேர்தலை ஒட்டி எழுந்த வன்முறையில் பேராசிரியர் எச். எஸ். சபர்வால் உயிரிழந்தார். நாடே அதிர்ந்திருந்த அந்தச் சூழலில், செப்டம்பர் 22 அன்று குழுவின் பரிந்துரைகளை எல்லாக் கல்வி நிறுவனங்களும் பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வன்முறை, பணம், கட்சித் தலையீடு ஆகிய மூன்றையும் பற்றிய அச்சம் பரிந்துரைகளின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

இளநிலை மாணவர் 17 வயதுக்கும் 22 வயதுக்கும் இடைப்பட்டவராக இருக்க வேண்டும். முதுநிலை மாணவருக்கு உச்சவரம்பு 24 அல்லது 25, ஆய்வு மாணவருக்கு 28. சட்டமன்றத்துக்கு வாக்களிக்கக்கூட வயது எட்டாத 17 வயது மாணவர் கல்லூரியில் வேட்பாளராகலாம் என்பது இந்த விதிகளில் கவனிக்க வேண்டிய தாராளம். மற்றவற்றில் தாராளம் குறைவு. வருகைப் பதிவு 75 விழுக்காடோ, பல்கலைக்கழகம் அதைவிட அதிகம் விதித்திருந்தால் அந்த அளவோ இருக்க வேண்டும். போட்டியிடும் ஆண்டில் தேர்வு நிலுவை, அதாவது ‘அரியர்’, இருக்கக் கூடாது. முழுநேர மாணவராகவும், குறைந்தது ஓராண்டுப் படிப்பில் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டும். பொறுப்பாளர் பதவிக்கு ஒரு முறையும் செயற்குழு உறுப்பினர் பதவிக்கு இரு முறையும் மட்டுமே நிற்கலாம்.

வருகைப் பதிவையும் தேர்ச்சியையும் கேட்பதில் நியாயம் உண்டு. கட்சி வேலைக்காகவே ஆண்டுக் கணக்கில் கல்லூரியில் பெயரைப் பதிந்துவைத்திருக்கும் ‘நிரந்தர மாணவர்’களை அவை வெளியேற்றின. ஆனால் வேறு இரு விதிகள் நோக்கத்தைத் தாண்டி வெட்டுகின்றன. குற்ற வழக்கில் தண்டனை பெற்றவரை மட்டுமல்ல, விசாரணைக்கு உள்ளானவரையும் விதி விலக்குகிறது. பல்கலைக்கழகம் எப்போதேனும் ஒழுங்கு நடவடிக்கை எடுத்திருந்தால், அவரும் நிற்க முடியாது. விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து நிர்வாகக் கட்டடத்தின் முன் உட்கார்ந்தவர்மீது நடவடிக்கை எடுப்பது நிர்வாகம். அந்த நடவடிக்கையையே காரணமாக்கி, மாணவர் சார்பில் தன்னிடம் பேச வருபவர் யாராக இருக்கக் கூடாது என்று தீர்மானிக்கும் வாய்ப்பும் அதே நிர்வாகத்துக்குக் கிடைக்கிறது. தேர்தலில் ஒரு தரப்பு மற்றொரு தரப்பின் வேட்பாளரைத் தள்ளுபடி செய்யக்கூடிய இந்த ஏற்பாட்டை வேறெந்த மக்களாட்சி அமைப்பிலும் யாரும் ஏற்கமாட்டார்கள்.

ஒரே வாய்ப்பு என்ற விதியும் அப்படித்தான். சீதாராம் யெச்சூரி 1977–78 காலத்தில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக (ஜேஎன்யு) பேரவைத் தலைவராக மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். நெருக்கடி நிலைக்குப் பிறகு, பல்கலைக்கழக வேந்தர் பொறுப்பிலிருந்து இந்திரா காந்தி விலக வேண்டும் என்று இந்திராவின் முன்னிலையிலேயே கோரிக்கையைப் படித்தவர் யெச்சூரி. இன்றைய விதியின்கீழ் அத்தகைய ஒருவர் இரண்டாம் முறை வேட்பு மனுவே தாக்கல் செய்ய முடியாது. தோற்றவருக்கு இழப்பு இன்னும் பெரிது. முதல் தேர்தலில் தோற்று, வாக்காளர் எதைக் கேட்கிறார் என்று கற்றுக்கொண்டு, அடுத்த ஆண்டு திருந்தி வருவது அரசியலின் அடிப்படைப் பயிற்சி. அந்தப் பயிற்சியை இந்த விதி அடைத்துவிடுகிறது. தனித்து நிற்கும் மாணவருக்குத்தான் இது அதிகம் வலிக்கும். அமைப்பு பலம் உள்ளவர்கள் ஆண்டுதோறும் ஒரு புதுமுகத்தை நிறுத்திவிட்டுப் பின்னிருந்து இயக்கலாம்.

பணத்தைப் பற்றிய விதிகள் தெளிவானவை. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது. அரசியல் கட்சியின் நிதியைத் தொடக் கூடாது. அச்சடித்த சுவரொட்டிக்கு அனுமதி இல்லை. கையால் எழுதியவற்றை மட்டும், அதுவும் குறித்த இடங்களில் மட்டும் ஒட்டலாம். பரப்புரைக்கு ஒலிபெருக்கி, வண்டி, விலங்கு எதையும் பயன்படுத்தக் கூடாது. வேட்பு மனு தாக்கலிலிருந்து முடிவு அறிவிப்புவரை எல்லாம் 10 நாள்களுக்குள் முடிய வேண்டும். முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த செலவுக் கணக்கை வேட்பாளர் ஒப்படைக்க வேண்டும். நிர்வாகம் அதை இரண்டு நாளில் வெளியிட வேண்டும். வரம்பு மீறியது தெரிந்தால் தேர்வு செல்லாது.

இந்த விதிகள் தோற்றுப்போன இடம் டெல்லிப் பல்கலைக்கழகம். 1949இல் தொடங்கிய அதன் மாணவர் சங்கம் நாட்டிலேயே பெரியவற்றுள் ஒன்று. பல கல்லூரிகளில் சிதறிக் கிடக்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அதன் வாக்காளர்கள். தேசியக் கட்சிகளைச் சார்ந்த ஏபிவிபியும் என்எஸ்யூஐயும் அங்கே தேர்தல்தோறும் மோதுகின்றன. 1974இல் அதன் தலைவராக இருந்த அருண் ஜேட்லி பின்னாளில் நாட்டின் நிதியமைச்சர் ஆனார். தலைநகரின் அரசியலுக்கு அதுவே வாசல் என்பதால் செலவிடத் தயங்குவோர் இல்லை. அச்சுச் சுவரொட்டிகள் மெட்ரோ தூண்கள்வரை மூடும். பிடிபட்டால் ‘அது நானல்ல’ என்று சொல்வதற்காகவே பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அச்சடிக்கும் பழக்கம்கூட அங்கே உண்டு. 2024 செப்டம்பர் 27 அன்று வாக்குப்பதிவு முடிந்தும், சுவர்களையும் பொது இடங்களையும் சுத்தம் செய்யும்வரை வாக்குகளை எண்ணக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் தடுத்துவிட்டது. வேட்பாளர்கள் தாளைச் சுரண்டி வண்ணம் பூசி முடித்து, முடிவு வெளிவந்தது நவம்பர் 25 அன்று. அந்தத் தேர்தலில் வாக்களித்தோர் சுமார் 35 விழுக்காடு. அடுத்த ஆண்டு வேட்பாளர்களிடம் ஒரு லட்சம் ரூபாய்க்குப் பிணைப் பத்திரம் கேட்கப்பட்டது. செலவு வரம்பு 5,000 ரூபாய், பிணை ஒரு லட்சம் ரூபாய். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள தூரமே விதி எவ்வளவு செயலிழந்தது என்பதற்கு அளவுகோல்.

இதை வேட்பாளர்களின் ஒழுக்கக்கேடு என்று மட்டும் பார்த்தால் காரணம் பிடிபடாது. டெல்லி வேட்பாளர் பெரும்பாலான வாக்காளர்களைச் சந்திக்கவே முடியாது. மாணவர்கள் காலையில் பேருந்திலும் மெட்ரோவிலும் வந்து மாலையில் வீடு திரும்புகிறவர்கள். கல்லூரிகள் நகரின் பல மூலைகளில் உள்ளன. பத்து நாளில் ஒரு லட்சம் பேரிடம் கொள்கையைப் பேசி வாக்குக் கேட்பது நடக்காத காரியம். பெயரையும் முகத்தையும் மட்டுமே கொண்டுசேர்க்க முடியும். அதற்குச் சுவரொட்டியும் கார் ஊர்வலமும் போதும், அவற்றுக்குப் பணம் வேண்டும். இந்தச் சிக்கலை லிங்டோ குழுவும் அறிந்திருந்தது. சிறிய, ஒரே வளாகமாக அமைந்த பல்கலைக்கழகங்களில் நேரடித் தேர்தல் நடத்தலாம், பரந்து கிடப்பவற்றில் வகுப்புப் பிரதிநிதிகள் வழியாக மறைமுகத் தேர்தலோ கலப்பு முறையோ பொருந்தும் என்று அது சொன்னது. நேரடித் தேர்தலுக்கு அது சுட்டிய எடுத்துக்காட்டுகள் ஜேஎன்யுவும் ஹைதராபாத் பல்கலைக்கழகமும்.

டெல்லியின் தென்பகுதியில் சுமார் 1,000 ஏக்கர் பரப்பில் அமைந்த ஜேஎன்யுவில் மாணவர்களில் பெரும்பாலோர் விடுதிகளில் வாழ்கிறார்கள். விடுதிகளுக்கு ஆறுகளின் பெயர்கள்: கங்கா, ஜீலம், சபர்மதி, கோதாவரி, காவேரி. பெரியார் என்றொரு விடுதியும் உண்டு, அதுவும் கேரளத்து ஆற்றின் பெயர்தான். 2024இல் அங்கே வாக்காளர் எண்ணிக்கை 7,700ஐச் சற்றே தாண்டியது. எல்லா வாக்காளரும் நடந்து சென்று பார்க்கக்கூடிய தொலைவில் இருப்பதால் வேட்பாளரின் வேலையே வேறாகிவிடுகிறது.

அங்கே தேர்தலை நடத்துவது நிர்வாகம் அல்ல. ஒவ்வொரு புலத்திலும் பொதுக்குழு கூடி, போட்டியிடாத மாணவர்களைக் கொண்டு தேர்தல் குழுவை அமைக்கிறது. தலைமைத் தேர்தல் அதிகாரியும் மாணவரே. மனு பெறுவது, பரிசீலிப்பது, நடத்தை விதி மீறியவரை அழைத்து விளக்கம் கேட்பது, வாக்குப்பெட்டியைக் காப்பது, எண்ணுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. தலைவர், துணைத் தலைவர், பொதுச் செயலாளர், இணைச் செயலாளர் என்ற நான்கு மையப் பொறுப்புகளுக்கும், புலம்தோறும் கவுன்சிலர்களுக்கும் தேர்தல் நடக்கும். நான்கு பொறுப்புகளுக்கும் சேர்த்து அணியாக நிற்பது வழக்கம். அணிக்குள் யார் எந்தப் பதவிக்கு என்பதில் அமைப்புகளின் பேரமும், பெண்கள், தலித்துகள், சிறுபான்மையினர், வடகிழக்கு மாணவர்கள் என்ற பிரதிநிதித்துவக் கணக்கும் உண்டு.

பரப்புரை நாள்களில் வேட்பாளர் பகலில் வகுப்பறைகளுக்கும், மாலையில் விடுதி அறைகளுக்கும் போகிறார். கதவைத் தட்டி, உள்ளே இருப்பவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கதவு திறக்காவிட்டால் துண்டறிக்கையைக் கீழிடுக்கில் தள்ளிவிட்டு வர வேண்டும். இரவு உணவு நேரத்தில் ‘மெஸ்’ஸில் எழுந்து நின்று பேச வேண்டும். சாப்பாடு முடிந்த பிறகு அதே கூடத்தில் கூட்டம் நடக்கும், சில வேளை நள்ளிரவையும் தாண்டும். கேட்பவர்களில் ஆய்வு மாணவர்கள் அதிகம். அமைப்பின் பழைய துண்டறிக்கையை வைத்துக்கொண்டு, மூன்றாண்டுக்கு முன் இப்படிச் சொன்னீர்களே, இன்று ஏன் மாற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்கக்கூடியவர்கள். நூலகம் திறந்திருக்கும் நேரம், உதவித்தொகை, விடுதி இடப் பற்றாக்குறை போன்றவற்றோடு காஷ்மீர், பாலஸ்தீனம், இடஒதுக்கீடு என எதைப் பற்றியும் கேள்வி வரும். தெரியாது என்று தட்டிக்கழிப்பவர் அன்றிரவே பேச்சுப்பொருளாகிவிடுவார்.

இதன் உச்சம் தலைவர் பதவி வேட்பாளர்களின் விவாதம். வாக்குப்பதிவுக்கு இரண்டு இரவுகள் முன்பு ஜீலம் விடுதியை ஒட்டிய புல்வெளியில் பறை, கோஷம் முழங்க ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். வேட்பாளர் ஒவ்வொருவரும் குறித்த நேரத்துக்குள் உரையாற்ற வேண்டும். பிறகு ஒருவரை ஒருவர் கேள்வி கேட்பார்கள். கடைசியாக, கூட்டத்திலிருந்து எழுதி வந்த கேள்விகள். அடுத்த நாள் பரப்புரை கிடையாது. கேட்டதை வாக்காளர் அசைபோட ஒரு நாள் விடப்படுகிறது. 2015இல் அதிகப் பலம் இல்லாத மாணவர் அமைப்பான ஏஐஎஸ்எஃப் சார்பில் நின்ற கன்னையா குமார் தலைவராக வென்றதற்கு அந்த இரவில் அவர் ஆற்றிய உரையைத்தான் வளாகத்தில் பலரும் காரணமாகச் சொன்னார்கள். ஒரு உரை வாக்குகளை மாற்றும் என்றால், அங்கே வாக்காளர் முன்பே முடிவுசெய்துவிட்டு வருபவர் அல்ல என்று பொருள். வேட்பாளர் உழைப்பதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

வளாக வாக்காளர் கட்சியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல என்பதற்கு 2012ஆம் ஆண்டின் தேர்தல் சான்று. அந்த ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் பிரணாப் முகர்ஜியை மார்க்சிஸ்ட் கட்சி ஆதரித்ததை அதன் மாணவர் அமைப்பான எஸ்எஃப்ஐயின் ஜேஎன்யு கிளை எதிர்த்தது. கிளையே கலைக்கப்பட்டது. கலைக்கப்பட்டவர்கள் தனி அணியாக நின்றார்கள். அவர்களின் வேட்பாளரான, தமிழ்நாட்டிலிருந்து சென்று படித்த வி. லெனின் குமார், செப்டம்பரில் பேரவைத் தலைவராக வென்றார். இந்தி பேசும் வட்டாரத்துக்கு நடுவில் தமிழ் மாணவர் ஒருவர், தாய் அமைப்பின் ஆதரவும் இல்லாமல் வென்றது, மெஸ் கூட்டங்களில் பதில் சொல்லும் திறனுக்கு அந்த வளாகம் தரும் மதிப்பைக் காட்டுகிறது.

இத்தகைய முறையை எடுத்துக்காட்டாகச் சொன்ன அறிக்கையே அந்த முறைக்குத் தடையும் ஆயிற்று. 1971 முதல் தன் சொந்தச் சட்டவிதிகளின்படி தேர்தல் நடத்திவந்த ஜேஎன்யு மாணவர் பேரவை, லிங்டோ விதிகளைப் பின்பற்றவில்லை என்ற காரணத்தால், அதன் தேர்தலுக்கு 2008 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மூன்றாண்டுக்கு மேல் பேரவையே இல்லை. ஆய்வு மாணவர்கள் மிகுந்த வளாகத்தில் 28 வயது வரம்பு பலரைத் தகுதியற்றவர்களாக்கிவிடும் என்ற வாதத்தை ஏற்று, 2011 டிசம்பரில் அதை 30ஆகத் தளர்த்தி நீதிமன்றம் வழிவிட்டது. 2012 மார்ச்சில் தேர்தல் மீண்டும் நடந்தது. அதன்பின் 2019ஐ அடுத்து மற்றோர் இடைவெளி. 2024 மார்ச்சில்தான் அடுத்த தேர்தல். அப்போது வாக்களித்தோர் 73 விழுக்காடு, அதே ஆண்டு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பதிவானதைப்போல் இருமடங்குக்கு மேல். பிகாரைச் சேர்ந்த தலித் மாணவர் தனஞ்சய் தலைவரானார். 1996இல் பத்தி லால் பைர்வா தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் தலித் அவர்.

தகுதி விதிகள் வேட்பாளரின் தலைக்குமேல் எப்படித் தொங்குகின்றன என்பதும் அந்தத் தேர்தலில் வெளிப்பட்டது. இடதுசாரிக் கூட்டணியின் பொதுச் செயலாளர் வேட்பாளரின் மனு, வாக்குப்பதிவுக்குச் சில மணிநேரமே இருந்தபோது ரத்து செய்யப்பட்டது. பட்டியல் வெளியாகி, பரப்புரை முடிந்து, விவாதமும் நடந்த பின் வந்த ரத்து அது. மாற்று வேட்பாளரை நிறுத்த வழியில்லாத கூட்டணி, பிர்சா அம்பேத்கர் புலே மாணவர் சங்கத்தின் (பாப்சா) வேட்பாளர் பிரியான்ஷி ஆர்யாவுக்கு வாக்களிக்கத் தன் ஆதரவாளர்களைக் கேட்டுக்கொண்டது. அவர் வென்றார். பரிசீலனைக்கென்று ஒரு நாளைக் குறித்துவிட்டு, அதன் பிறகும் தகுதியைக் கேள்விக்குள்ளாக்க இடம் விடுவது வேட்பாளருக்கு மட்டுமல்ல, அவரை நம்பி முடிவெடுத்த வாக்காளருக்கும் செய்யும் அநீதி. நாட்டின் பொதுத்தேர்தலில் பரிசீலனையில் ஏற்கப்பட்ட மனுவை வாக்குப்பதிவுக்கு முன் யாரும் அகற்ற முடியாது. தேர்தல் முடிந்த பிறகே வழக்குத் தொடுக்கலாம். மாணவர் தேர்தலுக்கும் அந்த முறை வேண்டும். முடிவு வந்த மூன்று வாரத்துக்குள் முறையீடு செய்ய லிங்டோ விதிகளிலேயே குறைதீர்ப்புக் குழு இருக்கிறது.

தமிழ்நாட்டில் வேட்பாளர் என்ற நிலைக்கே பெரும்பாலான கல்லூரிகளில் இடம் இல்லை. மாணவர் அரசியல் ஒரு தலைமுறை தலைவர்களை உருவாக்கிய மாநிலம் இது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் மாணவர் தலைவர்களுள் ஒருவரான பெ. சீனிவாசன், 1967இல் விருதுநகரில் காமராசரையே 1,285 வாக்குகளில் தோற்கடித்தார். அந்த வரலாற்றை நினைத்து மாணவர் தேர்தலைக் கண்டு அஞ்சியவர்கள் எல்லாக் கட்சியிலும் உண்டு. இன்று மாணவர் பேரவைத் தலைவரை முதல்வரும் துறைத் தலைவர்களும் மதிப்பெண்ணையும் ‘நன்னடத்தை’யையும் பார்த்து நியமிப்பதே பரவலான நடைமுறை. சென்னை ஐஐடியில் மாணவர் செயலாளர்கள் தேர்தல் மூலமே வருகிறார்கள். ‘சோப்பாக்ஸ்’ என்ற மேடையில் வேட்பாளர்கள் நின்று மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வழக்கமும் அங்கே இருக்கிறது. பக்கத்துப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் மாணவர் மன்றத்துக்குத் தேர்தல் நடந்து வந்திருக்கிறது. ஆகவே இந்த மண்ணில் முடியாது என்ற வாதம் நிற்காது.

நியமனத்தால் வரும் தலைவர் கெட்டிக்காரராகவும் நேர்மையானவராகவும் இருக்கக்கூடும். ஆனால் விடுதி உணவைப் பற்றியோ, தேர்வுக் கட்டணத்தைப் பற்றியோ யாருடைய கேள்விக்கும் பதில் சொல்லி அவர் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் அல்ல. அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் மாணவர்கள் அல்லாததால், அவர் கணக்குக் காட்ட வேண்டியதும் மாணவர்களிடம் அல்ல. பேருந்து வழித்தடத்தின் பெயரால் கூடும் ‘ரூட்டு தல’ குழுக்களைச் சென்னைக் கல்லூரிகளில் காவல்துறை ஆண்டுதோறும் எதிர்கொள்கிறது. மாணவர்கள் தலைவர்களைத் தேடாமல் இருப்பதில்லை. முறையான வழி இல்லாத இடத்தில் வேறு வழியில் உருவாக்கிக்கொள்கிறார்கள்.

லிங்டோ குழு நியமன முறையை ஒரு தற்காலிக ஏற்பாடாக மட்டுமே ஏற்றது. நியாயமான தேர்தலுக்குச் சூழல் இல்லாத நிறுவனங்கள் அதைக் கைக்கொள்ளலாம், ஆனால் ஐந்தாண்டுக்குள் நேரடியாகவோ மறைமுகமாகவோ கலப்பாகவோ ஒரு தேர்தல் முறைக்கு மாறிவிட வேண்டும் என்று அது வரையறுத்தது. 5,000 ரூபாய் வரம்பையும் 75 விழுக்காடு வருகையையும் கட்டாயமாக்கிய அதே நீதிமன்ற ஆணையின்கீழ்தான் இந்தப் பரிந்துரையும் வருகிறது. அது குறித்த ஐந்தாண்டுக் கெடு 2011இல் முடிந்துவிட்டது.